கொட்டாங்குச்சிச் சில்லு

எங்கள் வீட்டு நாய்க்குப் பைத்தியம் பிடித்த அன்று ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின பகல்பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு. உத்தர வீதியில் கால் வைக்க இடமில்லை. எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த ஜனங்கள் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலை உரசியபடி போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு வெறிநாய் புகுந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பத்து வயது. பெரியவர்களின் முகத்தைப் பார்த்தே பயப்படத் தெரிந்த வயது.

ஜிம்மியைச் சித்தப்பாதான் துவாக்குடியிலிருந்து கொண்டுவந்தார். அங்கே ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. கேட்டருகே கிடந்த குட்டியை டிபன் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். பை கத்துகிறதே என்று கண்டக்டர் கேட்டதாகவும், பசிக்கிறது போலிருக்கிறது என்று தான் சொன்னதாகவும் சித்தப்பா கதை விடுவார். வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பா. குட்டியைப் பார்த்ததும் அவர் மூன்று நிபந்தனைகள் போட்டார். கொல்லையைத் தாண்டி உள்ளே வரக் கூடாது, சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, அதற்கென்று மாமிசம் எதுவும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. ஆகவே ஜிம்மி தயிர்சாதம் தின்று வளர்ந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெரியப்பா, "எங்காத்து நாய் வெங்காயம்கூடத் தொடாது" என்று பெருமையாகச் சொல்வார். அதற்கு வெங்காயம் கொடுத்துப் பார்த்தது யார் என்று எவரும் கேட்டதில்லை.

சித்தி வந்தபோதும் ஏறக்குறைய இதே நிபந்தனைகள்தான். சித்தி பாலக்கரைக்காரி, கிறிஸ்தவக் குடும்பம். சித்தப்பாவும் அவளும் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோது பெரியப்பா மாதக்கணக்கில் தம்பியோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் மனம் இறங்கி, மாடி அறையை ஒழித்துக் கொடுத்தார். ஆசாரமெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும், மாமிசம் என்ற பேச்சே ஆகாது, பாலக்கரையோடு போக்குவரத்து வேண்டாம் என்றார். சித்தி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் அவள் வீடு. அமெரிக்காவில் வாழ்க்கைப்பட்ட பெண்கள்கூட வருஷத்துக்கு ஒருமுறை பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறார்கள். சித்தி ஒரு தடவையும் போகவில்லை.

அப்பாவுக்கு ஹைதராபாத்தில் உத்தியோகம். பெரியம்மா காலமாகிவிட்டிருந்தாள். அதனால் சமையலறையும் பெருமாளுக்குத் தளிகை பண்ணுவதும் அம்மாவின் பொறுப்பு. குளித்து, மடிப் புடவை கட்டிக்கொண்டு அடுப்பருகே போய்விட்டால், பெருமாளுக்கு அமுது செய்விக்கும்வரை அம்மாவை யாரும் தொடக் கூடாது. தொட்டால் அம்மா மறுபடி குளிக்க வேண்டும், மறுபடி சமைக்க வேண்டும். சின்ன வயதில் எனக்கு அந்தப் புடவைமேல் கொஞ்சம் கோபமே உண்டு.

அன்று காலை ஜிம்மியை முதலில் பார்த்தது நான்தான். பல் தேய்க்கக் கொல்லைப்பக்கம் போனேன். அது துணி துவைக்கும் கல்லில் முகத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. அரிப்பு போலிருக்கிறது என்று கூப்பிட்டேன். தலையைத் தூக்கியது. வாய் பாதி திறந்தபடி இருந்தது, மூடவில்லை. எச்சில் நூல்நூலாகத் தொங்கி நெஞ்சை நனைத்திருந்தது. முன்னங்காலால் தன் முகத்தைத் தானே அறைந்துகொண்டது. பிறகு துளசிமாடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, நின்று, ஒரு குரல் எழுப்பியது. குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. அதுவரை அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. பிரஷ்ஷைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அம்மா வந்து கம்பிக்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அடுத்த காரியமாக என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய் முழங்கை வரைக்கும் முழங்கால் வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். "தொட்டியா? நக்கித்தா? நிஜத்தைச் சொல்லு" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லை, இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. தோல் எரியும்வரை தேய்த்தாள். அவள் மறுபடி சோப்பை எடுத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

கொஞ்ச நேரத்தில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. எல்லோரும் கம்பிக்கதவுக்கு இந்தப்புறம் நின்றுகொண்டு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கூட்டத்தைப் பார்த்து மிரண்டிருக்கும் என்றார் ஒருவர். ராத்திரி தேரையை நக்கியிருக்கும், தேரை விஷம் இப்படித்தான் நுரை தள்ள வைக்கும் என்றார் இன்னொருவர். பாம்பு தீண்டியிருக்கலாம். சாதத்தில் பல்லி விழுந்திருக்கலாம். திருஷ்டியாகவும் இருக்கலாம், நாய் சமீபமாகக் கொஞ்சம் பூசினாற்போலத்தான் இருந்தது. எதிராத்து மாமா போனில் தேடிப் படித்துக்கொண்டே வந்தார். காது வலியில் ஆரம்பித்து மூளைக்கட்டி வரைக்கும் போனார். ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க ஜிம்மிக்கு அத்தனையும் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. கடைசியில் போனை மூடிவிட்டு, "ஜலம் வச்சுப் பாருங்கோ. ஜலத்தைக் கண்டு பயந்தா வேற பேச்சே இல்லை" என்றார்.

அம்மா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, கதவடி வழியாகத் துடைப்பக் கட்டையால் தள்ளினாள். ஜிம்மி ஓடி வந்தது. தாகம் தாங்காமல்தான் வந்தது, அது எனக்குக்கூடத் தெரிந்தது. கிண்ணத்தில் வாயை வைத்த மாத்திரத்தில் சுடுதண்ணீர் பட்டதுபோலத் துள்ளி விழுந்து அலறியது. கிண்ணம் கவிழ்ந்து தண்ணீர் தரையில் ஓடியது. மாமா பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்து, "அவ்வளவுதான் ஓய்" என்றார். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

சித்தப்பா மாடிப்படி அருகே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எப்போதும் வாய் ஓயாத மனுஷர், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. அவர் வளர்த்த நாய், அவருக்கு இல்லாத துக்கமா என்று நினைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாடியிலிருந்து சித்தி ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. சில நாட்களாகவே சித்திக்கு எது சாப்பிட்டாலும் வாந்தி. பித்தம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

பெரியப்பா கே.கே. நகரில் ஒரு கால்நடை டாக்டருக்குப் போன் செய்தார். நாயைத் தனியாகக் கட்டி வையுங்கள், வாய்ப்பக்கம் யாரும் கையைக் கொண்டுபோகாதீர்கள், திருவிழாக் கூட்டத்தில் வண்டி உள்ளே வராது, மத்தியானத்துக்குமேல் எப்படியாவது வந்து பார்க்கிறேன் என்றார் டாக்டர். டாக்டர் சொன்னது அவ்வளவே. பெரியப்பா போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அது வேறு மாதிரி ஆகியிருந்தது. "டாக்டரே தொடாதேங்கறார்" என்றார். அந்தக் கம்பிக்கதவு பழையது, கீழ்க்கீல் துருப்பிடித்து ஆடும். ஜிம்மி இரண்டுமுறை அதில் வந்து மோதியது. நடையில் நின்ற பெண்கள் குழந்தைகளை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். வாசலில் அத்தனை ஜனம்.

எதிராத்து மாமா வெளியே போய் ஓர் ஆளைக் கூட்டிவந்தார். அந்த ஆள் கையில் நீளமான மூங்கில், அதன் நுனியில் கம்பிச் சுருக்கு. இன்னொரு கையில் மடித்த கோணிச்சாக்கு. அவர் முரட்டு மனிதரெல்லாம் இல்லை. ஜிம்மியை எட்டிப் பார்த்து, உச்சுக்கொட்டினார்.

"இது இனிமே தேறாதுங்க. சாயங்காலம்வரைக்கும் வச்சிருந்து கதவ முட்டித் தள்ளிக்கிட்டு ரோட்டுக்குப் போச்சுன்னா யார் பதில் சொல்றது? கொள்ளிடத்துப் பக்கம் கொண்டுபோய் முடிச்சிடுறேன். நீங்க யாரும் பாக்க வேணாம். பாப்பாவ உள்ள கூட்டிட்டுப் போங்க."

பாப்பா என்றது என்னை. நான் போகவில்லை. சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "சொல்லு சித்தப்பா, வேண்டாம்னு சொல்லு" என்று கத்தினேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "டாக்டர் வரட்டுமே அண்ணா, ஒரு வாட்டி பார்க்கட்டுமே" என்றார். பெரியப்பா, "வாசல்ல எத்தனை குழந்தைகள் போறது பாருடா" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்த ஆள் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

அப்போது சித்தி மாடிப்படியில் இறங்கி வந்தாள். தலைமுடி கலைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"வேணாங்க, பிடிக்காதீங்க! அதுக்கு வெறியெல்லாம் இல்ல. வாய்க்குள்ள ஏதோ மாட்டியிருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பெரியப்பா.

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா தரையைப் பார்த்தார். அவள் நேரே நடந்து, அந்த ஆளின் கையைத் தள்ளிவிட்டு, தாழ்ப்பாளை இழுத்தாள். அதற்குள் சித்தப்பா ஒரே எட்டில் பாய்ந்து அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவள் சுவரோடு சாய்ந்தாள். சித்தப்பா கொல்லைக்குள் போய்க் கதவைத் தனக்குப் பின்னால் சாத்திக்கொண்டார். "டேய், டேய்" என்று பெரியப்பா அலறினார். தம்பியோடு மாதக்கணக்கில் பேசாதிருந்தவரின் குரல் அது என்று நம்ப முடியாது.

நான் கம்பிகளில் முகத்தைப் பதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா குந்தி உட்கார்ந்து, "வாடா, ஒண்ணுமில்லடா" என்றார். ஜிம்மி உறுமியது. பிறகு என்ன நினைத்ததோ, நெஞ்சு தரையில் உரச ஊர்ந்து வந்தது. அவர் அதைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, இடது கையால் மேல்தாடையைத் தூக்கினார். வலது கையை வெறுங்கையாக அப்படியே வாய்க்குள் விட்டார். எனக்குப் பின்னால் யாரோ "பெருமாளே" என்றார்கள். ஜிம்மி உடம்பை முறுக்கியது. பல் அவர் மணிக்கட்டில் இழுத்து ரத்தம் கோடாக வழிந்தது. அவர் கையை எடுக்கவில்லை. முகமெல்லாம் வியர்வையோடு விரலால் எதையோ நெம்பினார். ஜிம்மி ஒருமுறை உச்சத்தில் கத்தியது. கையோடு ஏதோ வெளியே வந்து, வழுக்கி, சிமெண்டுத் தரையில் விழுந்தது.

ஜிம்மி தலையை உதறியது. நாக்கால் வாயைச் சுற்றி நக்கியது. கவிழ்ந்து கிடந்த கிண்ணத்தருகே தேங்கியிருந்த தண்ணீரை நக்கிக் குடிக்க ஆரம்பித்தது.

"என்னடா அது? என்ன விழுந்தது?" என்றார் பெரியப்பா.

சித்தப்பா ஜிம்மியின் தலையைத் தடவினார். சித்தி சுவரோரம் சரிந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதவைத் திறக்க வந்தார். அப்போதுதான் அம்மா வந்தாள். அதற்குள் அவள் மறுபடி குளித்து, மடிப் புடவையோடு அடுப்பைப் பார்க்கப் போயிருந்தாள். சமையலறையிலிருந்து கொல்லைக்கு, எப்போதும் தாழ் போட்டிருக்கும் ஒரு சின்ன வாசல் உண்டு. அதன் வழியாக விறுவிறுவென்று வந்து குனிந்தாள். தரையில் கிடந்ததைத் தன் கையால் எடுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

"கொட்டாங்குச்சிச் சில்லு. நேத்து தேங்காய் உடைச்சேனே, அது. கொல்லைல போடாதேன்னு எனக்கே புத்தி வேண்டாமா?" என்றாள். யாருடைய முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

பெரியப்பா கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. சித்தியைப் பார்த்தார். தம்பியின் கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, கையை அலம்பிண்டு ஊசி போட்டுக்கச் சொல்லு அவனை" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குத் திரும்பிவிட்டார். அம்மா போய்க் குளித்தாள், அன்று மூன்றாவது தடவை. அடுப்பில் வெந்திருந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டு மறுபடி உலை வைத்தாள். தளிகை கொஞ்சம் தாமதமானாலே கூடத்தில் உலாத்த ஆரம்பிக்கும் பெரியப்பா அன்று உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. டாக்டர் வந்து ஜிம்மியின் வாயைப் பார்த்து மருந்து கொடுத்தார். வெறுங்கையை உள்ளே விட்டதற்காகச் சித்தப்பாவைக் கன்னாபின்னாவென்று திட்டினார். ஜிம்மி ராத்திரியே தயிர்சாதம் சாப்பிட்டது.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. அம்மாவிடம் கேட்டேன், "கொட்டாங்குச்சி பழுப்பாதானே இருக்கும், அது வெள்ளையா இருந்ததே?"

"நாய் வாய்ல ராத்திரி முழுக்க ஊறினா வெளுத்துடும்" என்றாள் அம்மா.

நான் அதை நம்பினேன். பள்ளிக்கூடத்தில் இன்னும் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கவும் செய்தேன். வெறிநாயின் வாய்க்குள் கையை விட்ட சித்தப்பாவின் வீரத்தையும் ஊரெல்லாம் பரப்பினேன். அவர் அதைக் கேட்கும்போதெல்லாம் இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவார். என்ன அடக்கம் என்று அதையும் சேர்த்துச் சொன்னேன்.

பல வருஷம் கழித்து, நான் முதல் குழந்தை உண்டாகி எதையும் சாப்பிட முடியாமல் கிடந்தபோது, சித்தி பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னாள். அன்று அவளுக்கும் பித்தம் இல்லை, மசக்கை. சோறு கண்டால் குமட்டல், ஆனால் அவள் அம்மா வைக்கும் ஆட்டுக்கறிக் குழம்பு நினைவாகவே இருந்ததாம். மார்கழி மாசம், அதுவும் பகல்பத்து. கேட்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒருநாள் தூக்கத்தில் அழுதிருக்கிறாள். மறுநாள் சித்தப்பா கம்பெனியிலிருந்து வரும்போது ஜங்ஷன் பக்கம் இறங்கி ஒரு பொட்டலம் ஆட்டுக்கறி வாங்கி, பழைய டிபன் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் சாப்பிட்டாள். அன்றுதான் முதல் தடவையாக எதுவும் வெளியே வரவில்லை. எலும்பை எங்கே போடுவது? கீழே ஜிம்மி இருந்தது. அதில் ஒரு துண்டுதான் அதன் மேல்வாயில், இரண்டு பக்கப் பல்லுக்கும் குறுக்காக விட்டம் போலச் சிக்கிக்கொண்டது.

கேட்டதும் எனக்குச் சித்தப்பாமேல் மகா கோபம் வந்தது. காரணம் தெரிந்திருந்தும், வாயில்லாப் பிராணி அத்தனை நேரம் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, கோணிச்சாக்கு வந்த பிறகும் நின்றாரே என்று ஆறவே இல்லை. சித்தி சொன்னாள், "எலும்பா இருக்கும்னு நெனச்சார்டி. ஆனா எலும்புதான்னு அவருக்கு எப்படித் தெரியும்? நெசமாவே வெறியா இருந்திருந்தா?" பயந்தாங்கொள்ளியா வீரரா என்று இன்றைக்கும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இரண்டும் அந்த ஒரே மனுஷருக்குள் அந்த ஒரே காலையில் இருந்தன.

அம்மா தன் வாயால் கடைசிவரை எதையும் சொல்லவில்லை. ஒரு மடிப் புடவைக்காக என்னைக் கிட்டேயே அண்டவிடாதவள், அந்த எலும்பை எடுத்து அதே புடவையில் சுற்றிக்கொண்டாள். அதன் கனம் இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியாமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு பெரிய சண்டை போட்டேன்.

அந்த ஞாயிறு காலையில் அம்மா கூடத்தின் நடுவில் நின்று, பெரியப்பாவின் காதில் விழும்படியே சித்தப்பாவிடம் சொன்னாள், "அவளை அவ அம்மாவாத்துல கொண்டுபோய் விட்டுட்டு வா. சாயங்காலம் கூட்டிண்டு வந்தாப் போறும். இனிமே ஞாயித்துக்கிழமை தோறும் அப்படித்தான்." பெரியப்பா பேப்பரைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. சித்தி ஓடிவந்து அம்மாவின் காலில் விழப் போனாள், மடி என்று நினைவு வந்து பாதியில் நின்றாள். அழுதுகொண்டே மாடிக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். சித்தப்பா பைக்கை எடுத்தார். எனக்குத் தெரிந்த வீடுகளில் எல்லாம் மருமகளை அம்மா வீட்டுக்கு அனுப்புவது என்றால் அது தண்டனை. பக்கத்து வீட்டில் சண்டை நடக்கும்போதெல்லாம் அந்த மிரட்டல் சுவரைத் தாண்டிக் கேட்கும். நாய்க்காகப் பெரியப்பாவை எதிர்த்துப் பேசினாள் என்று சித்தியைத் துரத்துகிறார்கள், அதையும் என் அம்மாவே செய்கிறாள் என்று நினைத்தேன்.

பைக் தெருமுனை திரும்பியதும் நான் சமையலறை வாசலில் போய் நின்று கத்தினேன். இனிமேல் உன் கையால் சாப்பிட மாட்டேன் என்றேன். "சித்தி என்ன தப்பு பண்ணினா, சொல்லு!" என்று கேட்டேன்.

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"அவ ஒரு தப்பும் பண்ணலைடி. அதனாலதான் அனுப்பறேன்" என்றாள்.

தப்பே செய்யாதவளுக்குத் தண்டனையா என்று எனக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது. அன்று மத்தியானம் முழுக்கப் பட்டினி கிடந்தேன்.